பழைய பிக்கப்பில் தண்ணீர் எங்கே ஒளிந்திருக்கிறது?

பழைய பிக்கப் ஒன்றை வாங்க நினைப்பவர்கள் முதலில் கேட்பது, "எஞ்சின் ஸ்டார்ட் ஆகுமா?" என்பதைத்தான். கேள்வியில் பிழையில்லை, ஆனால் அதை மூன்றாவதாகவோ நான்காவதாகவோ கேட்டால் போதும். எஞ்சினைக் கழற்றி இறக்கலாம், புது பிஸ்டன் போடலாம், தேவைப்பட்டால் வேறொன்றையே ஏற்றலாம். அடிச்சட்டத்தைக் கறள் தின்றுவிட்டால் மிச்சமெல்லாம் நன்றாக இருந்தும் பயனில்லை. கறளுக்குக் காரணம் தண்ணீர். பிரேக்கைக் கெடுப்பதும், பெற்றோல் தாங்கியை ஓட்டையாக்குவதும், ரேடியேற்றரை அடைப்பதும், லைட்டை மங்க வைப்பதும் அதே தண்ணீர்தான். வாகனத்தில் தண்ணீர் எந்த வழியாக வருகிறது, எங்கே தங்குகிறது, அங்கே என்ன செய்கிறது என்று புரிந்துகொண்டால் பழைய வாகனப் பராமரிப்பில் பாதிக்கு மேல் புரிந்துவிடும். அதை மட்டும் இங்கே விளக்கப் போகிறேன்.

வன்னியில் இதைப் பேச வேண்டிய தேவை இருக்கிறது. இலங்கையில் 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, தனியார் வாகனங்களுக்கு 2025இல்தான் மீண்டும் கதவு திறந்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் வளவு மூலையில் கிடந்த பழைய பிக்கப்புகளுக்கெல்லாம் மதிப்பு வந்தது. 1953இல் அறிமுகமான மொரிஸ் மைனர் பிக்கப், ஒஸ்டின் கேம்பிரிட்ஜ் பிக்கப், 1968இல் தொடங்கிய டொயோட்டா ஹைலக்ஸின் பழைய வடிவங்கள் ஆகியவற்றை வைத்திருப்பவர்கள் இன்று அவற்றை இரும்புக்கடைக்குக் கொடுக்கத் தயங்குகிறார்கள். அந்தத் தயக்கம் எனக்குப் பெரும் மகிழ்ச்சி தருகிறது. இந்த வாகனங்களின் உறுப்புகள் கண்ணுக்குத் தெரிகிறவை, கைக்கு எட்டுகிறவை. நாலைந்து ஸ்பனரும் பொறுமையும் உள்ள ஒருவர் வீட்டிலேயே இவற்றில் நிறையச் செய்யலாம்.

கறள் எப்படி வேலை செய்கிறது

இரும்பு கறள் பிடிக்க ஒட்சிசனும் தண்ணீரும் சேர்ந்து வேண்டும். ஒன்றைத் தடுத்தாலும் போதும், கறள் நிற்கும். ஒட்சிசன் எங்கும் இருப்பதால் நம்மால் தடுக்கக்கூடியது தண்ணீரைத்தான். அது மழையாக வர வேண்டியதில்லை. காற்றின் ஈரப்பதன் ஏறத்தாழ 60 சதவீதத்தைத் தாண்டினாலே வெறும் இரும்பின்மேல் கண்ணுக்குத் தெரியாத நீர்ப்படலம் உருவாகிக் கறள் தொடங்கிவிடும். உப்புச் சேர்ந்தால் வேகம் கூடும். முல்லைத்தீவுக் கரையோரத்தில் நிற்கும் வாகனத்தையும் கடலுக்கு எட்டத்தில் துணுக்காய்ப் பக்கம் நிற்கும் வாகனத்தையும் ஒரே கண்ணால் பார்க்க முடியாததற்குக் காரணம் இதுதான்.

அலுமினியத்தின்மேல் உருவாகும் ஒட்சைட்டு உலோகத்தோடு இறுக ஒட்டி, உள்ளே இருப்பதைக் காக்கிறது. இரும்பின் கறள் அப்படியானதல்ல. அது பொருக்குப் பொருக்காக உதிர்ந்து அடியிலுள்ள புது இரும்பைத் திறந்துவிடுகிறது. மூல இரும்பைவிடப் பல மடங்கு இடத்தையும் பிடிக்கிறது. இரண்டு தகடுகளை ஒட்டிய பொருத்துக்குள் கறள் தொடங்கினால் அது வீங்கித் தகடுகளையே பிரித்துவிடும்.

புதியவர்கள் அதிகம் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. வெளியே பளிச்சென்று தெரியும் கறள் பெரும்பாலும் ஆபத்தில்லாதது. சேற்றுக்கு அடியில், பொருத்துக்கு உள்ளே, ரப்பர் விளிம்புக்குப் பின்னால் மறைந்திருப்பதே வாகனத்தைக் கொல்வது. ஒரு தகட்டின்மேல் கிறவல் சேறு ஒட்டியிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். சேற்றின் விளிம்பில் ஒட்சிசன் கிடைக்கிறது, நடுவில் கிடைப்பதில்லை. இந்த ஏற்றத்தாழ்வு அந்தத் தகட்டையே ஒரு சிறிய பற்றரி ஆக்கிவிடுகிறது. ஒட்சிசன் குறைந்த பகுதி அனோட்டாகிக் கரைகிறது. அதிகமுள்ள பகுதி கதோட்டாகித் தப்பிக்கொள்கிறது. ஒட்சிசன் இல்லாத இடத்தில் கறள் வராதே என்று நாம் நினைக்கும் அதே இடத்தில்தான் இரும்பு மெலிகிறது. வயல் வரம்பிலிருந்து ஏறி வந்த வாகனத்தின் அடியைக் கழுவாமல் விடக்கூடாது என்று சொல்வதன் அறிவியல் இதுதான்.

கதவின் அடிப்பகுதியில் இதை நேரிலேயே பார்க்கலாம். கண்ணாடி ஓரமாக வழியும் மழைநீர் கதவின் உள்ளே இறங்குவது இயல்பு. அது வெளியேறவென்று அடிவிளிம்பில் சிறிய துளைகள் இருக்கும். ஒரு மழைக்குப் பிறகு கதவை மெல்ல ஆட்டிப் பாருங்கள். உள்ளே தண்ணீர் தளும்பும் சத்தம் கேட்டால் துளைகள் அடைபட்டிருக்கின்றன. ஒரு கம்பியை விட்டுக் குத்தினால் முதலில் செம்மண் குழம்பு, பிறகு பழுப்பு நீர், கடைசியில் தேயிலைத் தூள் போன்ற கறள் பொருக்கு என்று ஒழுகும். இந்த ஒரு வேலைக்குச் செலவே இல்லை. கண்ணாடிக்குக் கீழே எஞ்சின் மூடியோரம் உள்ள காற்றுப் பள்ளத்தையும் இப்படியே பாருங்கள். வேப்பஞ் சருகும் புளியஞ் சருகும் அங்கே மக்கி, கால் வைக்கும் தளம்வரை ஈரத்தை இறக்கும்.

அடிச்சட்டத்தைச் சோதிக்கச் சிறு சுத்தியலும் பழைய ஸ்குரூ டிரைவரும் போதும். நல்ல இரும்பு கணீரென்று ஒலிக்கும். அரித்த இரும்பு மந்தமாக ஒலிக்கும். மந்தமாகக் கேட்ட இடத்தில் ஸ்குரூ டிரைவரால் அழுத்திக் குத்துங்கள். வில்லுத் தகடுகள் சட்டத்தோடு சேரும் இடங்கள், குறுக்குச் சட்டங்கள், பின் தட்டுக்கு நேர் கீழே உள்ள பகுதி ஆகியவற்றில் அவசரப்படாதீர்கள். மொரிஸ் மைனர் காருக்குத் தனி அடிச்சட்டம் இல்லை. அதன் பிக்கப்புக்கு உண்டு. சுமை முழுவதும் அந்தச் சட்டத்தின்மேல்தான் நிற்கிறது. புதிதாகத் தார் பூசிய அடிச்சட்டத்தைக் கண்டால் இருமடங்கு கவனமாகக் குத்திப் பாருங்கள். கறளுக்கு மேலே பூசிய தார், ஈரத்தை உள்ளே பூட்டி வைத்துவிடும்.

ஓட்டை விழுந்த சட்டத்துக்கு ஒரே வைத்தியம், அரித்த பகுதியை நல்ல இரும்பு தெரியும்வரை வெட்டி எடுத்துப் புதுத் தகடு வைத்து வெல்டிங் செய்வது. புட்டி அப்புவது அடுத்து ஏறப்போகிறவரின் உயிரோடு விளையாடுவது. வெல்டிங்குக்கு முன் பற்றரி இணைப்பைக் கழற்றுங்கள். பெற்றோல் தாங்கியை முழுவதாக இறக்கித் தூரத்தில் வையுங்கள். நிறைந்த தாங்கியைவிட வெறுமையான தாங்கியே அதிகம் வெடிக்கக்கூடியது. ஆவியும் காற்றும் கலந்து நிற்பது அதற்குள்தான்.

கறளைக் கழற்றும் மின்பகுப்பு

சிறு உறுப்புகளுக்கு வீட்டிலேயே செய்யக்கூடிய அருமையான வழி மின்பகுப்பு. பாடசாலை விஞ்ஞானத்தில் படித்ததுதான். ஒரு பிளாஸ்டிக் வாளியில் தண்ணீர் நிரப்பி, 4 லீற்றருக்கு ஒரு மேசைக்கரண்டி அளவு சலவைச் சோடா கரையுங்கள். கறள் பிடித்த உறுப்பை வாளியின் சுவரிலோ வேறு இரும்பிலோ படாதவாறு நடுவில் தொங்கவிட்டு, 12 வோல்ட் பற்றரி சார்ஜரின் மறை முனையை அதனோடு இணைக்க வேண்டும். நேர் முனை, வீசவிருந்த ஒரு சாதாரண இரும்புத் துண்டில் இணைந்து அதே நீரில் நிற்க வேண்டும். மின்னைப் போட்டதும் உறுப்பைச் சுற்றி நுண்ணிய குமிழிகள் கிளம்பும். சில மணித்தியாலங்களில் கறள் இளகிக் கறுத்த பொடியாகிவிடும்; தூரிகையால் தேய்த்தால் போய்விடும். நல்ல இரும்பு துளியும் தேயாது. உளியும் கிரைண்டரும் செய்யாத நாசூக்கான வேலை இது.

கிளம்பும் குமிழி ஐதரசன். ஆகவே திறந்த வெளியில் மட்டும் செய்யுங்கள். பக்கத்தில் பீடியோ விளக்கோ வேண்டாம். நேர் முனையில் துருப்பிடிக்காத உருக்கை, அதாவது எவர்சில்வரைப் பயன்படுத்தவே கூடாது. அதிலுள்ள குரோமியம் நச்சுச் சேர்மமாகத் தண்ணீரில் கலக்கும். வில்லுத் தகடு, பிரேக் மற்றும் சில்லு போல்ட் போன்ற கடினமான உருக்குப் பொருட்களையும் போடாதீர்கள். ஐதரசன் உள்ளே புகுந்தால் அவை முறியக்கூடும். அலுமினியம் அந்தச் சோடா நீரிலேயே கரைந்துவிடும். இப்போது வரும் தானியங்கிச் சார்ஜர்கள் பல இந்த வேலைக்கு இயங்குவதில்லை. பழைய வகை ட்ரான்ஸ்போமர் சார்ஜர்தான் உதவும்.

வெளியே எடுத்த உறுப்பைக் கழுவித் துடைத்து வெயிலில் காயவைத்த அன்றே பிரைமர் பூச வேண்டும். இரவு முழுக்க விட்டால் காலையில் செம்மஞ்சள் படலம் திரும்பியிருக்கும். வாளியில் அடங்காத அடிச்சட்டத்துக்குப் பொசுபோரிக் அமிலம் கலந்த கறள் மாற்றி பயன்படும். அது மிச்சக் கறளை இரும்புப் பொசுபேற்றாக மாற்றிப் பெயின்ற் பிடிக்கத் தளம் கொடுக்கும். உதிரும் பொருக்கை முதலில் கம்பித் தூரிகையால் எடுத்தால்தான் அது வேலை செய்யும்.

பெயின்ற் வேலைக்குச் சோளகக் காலமே நல்லது. வைகாசி முதல் ஆவணி வரை இரும்பு எலும்புவரை காய்ந்திருக்கும். தூசி பறக்கும் என்பதால் காலையில் காற்று எழுமுன் பூசி முடிக்க வேண்டும்.

பாவித்த எஞ்சின் ஒயிலை அடிச்சட்டத்துக்கு அடிக்கும் பழக்கம் நம்மிடம் உண்டு. கறளைத் தடுப்பதில் அது ஓரளவு உதவும், அதை மறுக்கமாட்டேன். ஆனால் ரப்பர் புஷ்களை அது ஊதவைக்கிறது, தோலுக்குக் கேடு, மழை வந்ததும் வளவு மண்ணில் வடிகிறது. அதே வளவில் குடிக்கும் கிணறு இருக்கிறது. சுன்னாகத்தில் கிணற்று நீரில் எண்ணெய் கலந்து மக்கள் பட்ட பாட்டை வடக்கு இன்னும் மறக்கவில்லை. மெழுகு கலந்த அடிச்சட்டப் பூச்சோ, அது கிடைக்காவிட்டால் கிறீஸோ பயன்படுத்துங்கள்.

பிரேக்: எஞ்சினுக்கு முன்னால்

வருடக்கணக்காக நின்ற வாகனத்தை ஓடவைக்கும் முன் நிறுத்தவைக்க வேண்டும். இந்த வரிசையை ஒருபோதும் மாற்றாதீர்கள்.

பிரேக் ஒயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. மூடி இறுக்கமாக இருந்தாலும் ரப்பர் குழாய்களின் வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாக ஈரம் சேரும். டொட் 3 வகை ஒயில் புதிதாக 205 பாகை செல்சியசுக்குக் குறையாமல் கொதிக்க வேண்டும் என்பது தரம். ஈரம் ஏறிய பின் அந்த எல்லை 140 பாகைக்கு இறங்கிவிடும். சுமையோடு நெடுக பிரேக் பிடிக்கும்போது உள்ளே தண்ணீர் ஆவியாகும். ஆவி அமுங்கும், பெடல் தளம்வரை போகும், வாகனம் நிற்காது. அதோடு அதே ஈரம் சில்லு சிலிண்டரின் உட்சுவரை அரிக்கும். அப்படிப்பட்ட சிலிண்டரைத் திறந்து விரலை உள்ளே விட்டால் கண்ணாடிபோல் வழுக்க வேண்டிய சுவர் அம்மைத் தழும்பாகத் தட்டுப்படும். உள்ளே ஒயிலை அடைத்து நிற்கும் ரப்பர் கப் அந்தக் குழிகளில் உரசிக் கிழியாமல் என்ன செய்யும்? லேசான கீறலை மெருகிட்டுத் தேய்க்கலாம். குழி தட்டுப்பட்டால் சிலிண்டரை மாற்றுங்கள்.

பழைய பிரித்தானிய பிக்கப்புகளில் 4 சில்லுகளுக்கும் பிரேக் ஒரே ஒழுங்கில்தான் ஓடுகிறது. ஓரிடத்தில் ஒழுகினால் நான்கிலும் பிரேக் இல்லை. ஆகவே நின்றுபோன வாகனத்தில் ரப்பர் குழாய்கள் அனைத்தையும் பார்வைக்கு நன்றாக இருந்தாலும் மாற்றுங்கள். அவை உள்ளே வீங்கி அடைபட்டு, மிதித்த பிரேக்கை விடாமலும் பிடித்துக்கொள்ளும். இரும்புக் குழாயைப் பிடித்திருக்கும் கிளிப்புகளுக்கு அடியிலும் பாருங்கள். சேறு தங்கும் இடம் அது. பிறகு 2 வருடத்துக்கு ஒருமுறை ஒயிலைப் புதிதாக்க வேண்டும். பிரேக் ஒயிலுக்குப் பதிலாக எஞ்சின் ஒயிலையோ கியர் ஒயிலையோ ஒரு சொட்டும் ஊற்றக்கூடாது. ரப்பர் அனைத்தும் ஊதிவிடும். பிரேக் டிரம்முக்குள் இருக்கும் தூசியை வாயாலோ காற்றாலோ ஊதாதீர்கள். பழைய லைனிங்குகளில் அஸ்பெஸ்டஸ் இருக்கும். ஈரத் துணியால் துடையுங்கள்.

எஞ்சினுக்குள் வரும் தண்ணீர்

ஒரு லீற்றர் பெற்றோல் எரிந்தால் ஏறத்தாழ ஒரு லீற்றர் தண்ணீர் உருவாகிறது. புகைக்குழாய் சூடானால் அது ஆவியாக வெளியேறும். சூடாகாவிட்டால் சைலன்சருக்குள்ளும் எஞ்சின் ஒயிலிலும் தங்கும். "தினமும் காலையில் 5 நிமிடம் ஸ்டார்ட் பண்ணி விடுகிறேன்" என்று அக்கறையோடு சொல்பவர்கள் உண்மையில் எஞ்சினுக்குத் தண்ணீர் ஊற்றுகிறார்கள். ஒயில் மூடியின் அடியில் பால்நிறப் பசை ஒட்டியிருந்தால் அதன் அடையாளம் அதுதான். ரேடியேற்றர் நீரும் குறைந்துகொண்டே வந்தால் மட்டும் எஞ்சினின் தலைக்கும் உடலுக்கும் இடையிலுள்ள ஹெட் கஸ்கெட்டைச் சந்தேகியுங்கள். வாரத்தில் ஒருநாள் அரை மணித்தியாலம் தெருவில் நன்றாக ஓட்டுவது தினசரி 5 நிமிடத்தைவிட எவ்வளவோ மேல்.

பெற்றோல் தாங்கி பாதி காலியாக நிற்கும்போது பகலில் சூடாகி இரவில் குளிரும். குளிரும்போது உள்ளிழுக்கும் காற்றின் ஈரம் சுவரில் துளிக்கும். தண்ணீர் பெற்றோலைவிடக் கனமானது. அடியில் போய்த் தங்கி அங்கேயே இரும்பை அரிக்கும். மழைக்காலத்தில் தாங்கியை நிறைத்து வைப்பது நல்லது. டீசல் வாகனத்தில் வடிகட்டியின் அடியிலுள்ள சிறு குழாயைத் திருகித் தண்ணீரை இறக்க மறக்க வேண்டாம்; டீசலை எஞ்சினுக்குள் பீய்ச்சும் ஊசிப் பம்புக்குள் போனால் செலவு தாங்காது.

ரேடியேற்றர் விடயத்தில், "நமக்கு உறைபனி இல்லையே, கூலண்ட் எதற்கு?" என்று கேட்பவர்கள் நிறைய. கூலண்டின் அரைவாசி வேலை அரிப்பைத் தடுப்பது. வார்ப்பிரும்பு எஞ்சினும் செம்பு ரேடியேற்றரும் ஒரே தண்ணீரைப் பகிர்ந்தால் இரும்புதான் விலை கொடுக்கும். வன்னிக் கிணற்று நீர் பல இடங்களில் கடினமானது. கேத்திலின் அடியில் வெள்ளையாகப் படிவதுதான் எஞ்சினுக்குள்ளும் படிகிறது. வடித்த நீரையோ சுத்தமாகப் பிடித்த மழைநீரையோ கூலண்டோடு கலந்து ஊற்றுங்கள்.

2018 டிசம்பரில் கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் வந்ததைப் போன்ற வெள்ளத்தில் நின்ற வாகனமானால் கியர் பொக்ஸ், பின் அச்சு ஒயில்களைத் திறந்து பாருங்கள். பால்போல் இருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. உடனே மாற்ற வேண்டும்.

தண்ணீரோடு தொடர்பில்லாத ஒரு சேதத்தையும் வன்னியில் சொல்லாமல் விடக்கூடாது. 1990களின் பொருளாதாரத் தடைக் காலத்தில் பெற்றோல் எட்டாக்கனியானபோது, சில துளி பெற்றோலால் எஞ்சினை எழுப்பிச் சூடான பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றி ஓட்டினார்கள். நோயாளியும் நெல்லும் பிணமும் அப்படித்தான் போய்ச் சேர்ந்தன. அந்தக் காலத்து மெக்கானிக்குகளின் கைத்திறனை நான் மிகுந்த மரியாதையோடு நினைக்கிறேன். ஆனால் மண்ணெண்ணெய் முழுதாக ஆவியாகாது. எரியாத மிச்சம் சிலிண்டர் சுவரின் ஒயிலைக் கழுவி, கீழே இறங்கி எஞ்சின் ஒயிலை நீர்க்கச் செய்யும். அப்படி ஓடி, பிறகு திறக்கப்படாத எஞ்சினில் பிஸ்டன் றிங்குகள் தேய்ந்திருக்கும் என்றே எதிர்பாருங்கள். சிலிண்டரின் அழுத்தத்தை அளந்து பார்த்துக் குறைவாக இருந்தால் ஒரு கரண்டி ஒயிலை பிளக் துளையால் விட்டு மீண்டும் அளவுங்கள். அழுத்தம் ஏறினால் பழுது றிங்கில், ஏறாவிட்டால் வால்வில். நெடுங்காலம் நின்ற எஞ்சினானால் இதற்கெல்லாம் முன்பே பிளக்குகளைக் கழற்றி, சிறிது ஒயில் விட்டு ஓரிரு நாள் ஊறவைத்துக் கையால் சுழற்றுங்கள். ஸ்டார்ட்டரை நேரே அடித்தால் கறளில் ஒட்டிய றிங் முறியும்.

மங்கும் லைட்டு

பழைய வாகனத்தில் மின் கோளாறு என்றாலே வயரை மாற்றச் சொல்வார்கள். பெரும்பாலும் குற்றவாளி எர்த். மின்சாரம் திரும்பிப் போகும் பாதை இரும்பு உடல்தான். போல்ட்டுக்கு அடியில் கறள் படிந்தால் பாதை அடைபடும். பற்றரியிலிருந்து உடலுக்கும், எஞ்சினிலிருந்து அடிச்சட்டத்துக்கும் போகும் பட்டைகளைக் கழற்றி, இரும்பு மின்னும்வரை தேய்த்து, முறுக்கியபின் கிறீஸ் பூசுங்கள். எஞ்சின் பட்டை அறுந்தால் ஸ்டார்ட்டரின் பெரும் மின்னோட்டம் அக்சிலரேற்றர் கேபிள் வழியாகத் திரும்ப முயலும். கேபிள் சிவந்து எரிந்துவிடும். பழைய பிரித்தானிய வாகனங்கள் பலவற்றில் பற்றரியின் நேர் முனைதான் உடலோடு சேர்ந்திருக்கும். வேறொரு வாகனத்திலிருந்து மின் எடுக்கும் முன்பும், ரேடியோ பூட்டும் முன்பும் இதைப் பாருங்கள்.

நிறுத்தும் இடத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். தறப்பாளால் வாகனத்தை இறுக மூடுவது தவறு. நிலத்திலிருந்து எழும் ஈரம் உள்ளேயே வியர்க்கும். பக்கங்கள் திறந்த கொட்டில், அடியில் சீமெந்தோ பரல் கல்லோ இருந்தால் போதும். வாடைக் காற்று தொடங்குமுன் புரட்டாதியில் கிறீஸ் அடித்து, தைப்பொங்கல் கழிந்து வெயில் வந்ததும் அடியைக் கழுவித் துளைகளைத் திறந்துவிட்டால் வருடத்துக்கான கறள் வேலை ஏறத்தாழ முடிந்தது.

கம்பித் தூரிகையைக் கையில் எடுக்கும் முன் அடிச்சட்டத்தில் பொறித்த இலக்கத்தைத் தேடிப் பிடியுங்கள். மெல்லத் துடைத்து, அதன்மேல் தாள் வைத்துப் பென்சிலால் தேய்த்து ஒரு பதிவு எடுங்கள், படமும் பிடியுங்கள். பதிவுப் புத்தகத்திலுள்ள இலக்கத்தோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப் பாருங்கள். 2009இல் எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஓடிய மக்களின் வாகனங்களும் ஆவணங்களும் வெவ்வேறு திசைகளில் சிதறிய மண் இது. இலக்கம் ஒத்துவராத வாகனத்துக்குப் பணம் கொடுக்காதீர்கள். ஒத்துவந்தால் அந்த இடத்தில் கிரைண்டர் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். நிறமற்ற பூச்சு ஒன்றை மட்டும் மெல்லியதாக அடித்து விடுங்கள்.